பேர் எழுதுகிற வகுப்பு

களுதாவளை,
12.1.1937

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

நானும் அப்பாவும் சுகம் என்றுதான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். அப்படியே தொடங்குகிறேன். சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், படுக்கிறோம். அப்பா வெற்றிலைக் கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். உங்கள் சுகம் நீங்கள் எழுதினால்தான் எங்களுக்குத் தெரியும். சித்தாண்டித் தண்ணீர் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா?

நம் பிள்ளை காய்ச்சலில் போனது ஆவணியில். நீங்கள் இடமாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனது புரட்டாதியில். இப்போது தை பிறக்கப் போகிறது. இடையில் உங்களிடமிருந்து ஒரு தபாலட்டைதான் வந்தது. அதில் மழை பெய்ததாக எழுதியிருந்தீர்கள். இங்கேயும் பெய்தது.

இதைச் சொல்ல எழுதவில்லை. பெரிய வாத்தியார் நேற்று என்னைக் கூப்பிட்டு, "அன்னம், நல்லரத்தினம் போனதிலயிருந்து அரிவரிக்கு ஆளில்ல. தையலப் பின்னேரத்துக்கு மாத்திப்போட்டு, காலையில சின்னப் பிள்ளையள நீதான் பாக்கவேணும்" என்றார். ஓம் என்று சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் யார் எதைக் கேட்டாலும் ஓம் என்றுதான் வாயில் வருகிறது. இல்லை என்று சொல்வதற்குக் கொஞ்சம் தெம்பு வேண்டும், அது என்னிடம் இல்லை.

எனக்கு ஊசியில் நூல் கோக்கப் படிப்பிக்கத் தெரியும். எழுத்துப் படிப்பிக்கத் தெரியாது. உங்கள் வகுப்பைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அடுத்த அறையிலிருந்து காதால் கேட்டதுதான். மற்ற வாத்திமாரின் வகுப்பில் ஆனா ஆவன்னா என்று கூரை பறக்கும். உங்கள் வகுப்பில் சத்தமே இராது. சில நேரம் சிரிப்புக் கேட்கும். அதை எப்படிச் செய்வது என்று எழுதுங்கள். பொங்கல் கழிந்ததும் வகுப்புத் தொடங்குகிறது.

அப்பா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

இப்படிக்கு,
அன்னப்பூரணி


சித்தாண்டி,
19.1.1937

அன்புள்ள அன்னத்துக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். தண்ணீர் ஒத்துக்கொண்டது. தங்கியிருக்கும் வீட்டார் மரியாதையானவர்கள். மாமா முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாரா என்று எழுது.

வகுப்பைப் பற்றிக் கேட்டாய். ஆறுதலாக வாசி.

முதல் நாளிலேயே அரிச்சுவடியை எடுக்காதே. ஆனா என்பது ஒரு சின்னப் பிள்ளைக்கு வெறும் சத்தம். அதற்கு வீட்டில் வேலையில்லை, விளையாட்டிலும் வேலையில்லை. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரும்போது தனக்கென்று ஒரே ஒரு சொல்லைக் கொண்டுவருகிறது; அதுதான் அதன் பேர். எந்த விளையாட்டின் நடுவிலும் அந்தச் சொல் கேட்டால் தலை திரும்பும். அதை முதலில் எழுதிக் காட்டு. தன் பேர் மணலில் கிடப்பதைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தை நீ ஒருமுறை பார்த்துவிட்டால் மிச்சத்தை நான் எழுத வேண்டியதில்லை. எழுத்து வாத்தியாருடைய சாமான் அல்ல, தன்னுடையது என்று அது அந்த நிமிடமே அறிந்துகொள்ளும்.

இடாப்பில் பதிந்திருக்கிற பேரைப் பார்த்து எழுதாதே. பிள்ளையின் வாயால் கேள். வெட்கப்பட்டால் காத்திரு. என்ன சொல்கிறதோ அதையே எழுது. தரையில் குருமணலைப் பரப்பி, விரலால் பெரிதாக எழுது. அந்தப் பள்ளத்திலேயே பிள்ளையின் விரல் ஓடட்டும். கையைப் பிடித்து எழுதுவிக்காதே. பிடித்தால் அது உன் எழுத்து, பிள்ளையின் எழுத்து அல்ல. கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும்.

தன் பேர் வந்த பிறகு, பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் பேர். பிறகு அம்மாவின் பேர், வீட்டு மாட்டின் பேர். ஒரு வகுப்பில் உள்ள பேர்களையெல்லாம் சேர்த்தால் அரிச்சுவடியில் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். கடைசியில் அவற்றை வரிசைப்படுத்திக் கொடு. முன்பே பழகின ஆட்களை வரிசையில் நிற்கச் சொல்வது போலத்தான் இருக்கும்.

கூட்டமாகக் கத்த விடாதே. கத்துகிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியுமா என்று உனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

இன்னும் ஒன்று. நாள் பார்க்காதே. ஏடு தொடக்குகிற நல்ல நாளுக்காக எந்தப் பிள்ளையையும் காத்திருக்க வைக்காதே. கேட்கிற அன்றைக்கே எழுதிக் கொடு.

வேறு விசேஷமில்லை. மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
க. நல்லரத்தினம்


களுதாவளை,
10.2.1937

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம். அப்பா எண்ணெய் போடுகிறார், போட்டுவிட்டு அதே காலோடு தோட்டத்துக்கும் போகிறார். நீங்கள் மெலிந்துவிட்டீர்கள் என்று ஏறாவூர்ச் சந்தைக்குப் போய் வந்த ஒருவர் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

நீங்கள் எழுதியபடியே செய்கிறேன். முதல் நாள் ஒரு பையனிடம் பேர் கேட்டேன். "கள்ளன்" என்றான். தாய் வீட்டில் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவாளாம். என்ன சொல்கிறதோ அதையே எழுது என்று நீங்கள் எழுதியிருந்தீர்களே, எழுதிக் கொடுத்தேன். அவன் அதற்குள் விரலை விட்டு உழுது, நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். மற்றப் பிள்ளைகளும் சிரித்தார்கள். பெரிய வாத்தியார் வாசலில் நின்று வாசித்துவிட்டுப் போனார். நீங்கள் சொன்ன முகத்தைப் பார்த்தேன். நல்ல முகம்தான். என்னுள்ளே ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் நல்ல முகம் என்று எனக்குத் தெரிந்தது.

உங்கள் கடிதத்தில் நாள் பார்க்காதே என்ற பகுதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. நம் பிள்ளைக்கு விஜயதசமியன்று பிள்ளையார் கோயிலில் ஏடு தொடக்கலாம், அதுவரை பொறுங்கள் என்று சொன்னது அவர்தானே.

இன்னொன்றும் எழுத வேண்டும். நான் எழுதாவிட்டாலும் யாராவது சொல்லி அறிவீர்கள். சாமித்தம்பி அண்ணனின் மகள் இந்த வருசம் அரிவரிக்கு வந்திருக்கிறாள். பேர் கண்ணகை. நம் பிள்ளையின் பேர்தான். அந்த வருசம் ஊரில் அம்மாள் நோய் பரவியபோது, வயிற்றில் பிள்ளையோடு இருந்த பெண்களெல்லாம் அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கில் நின்று, பெண் பிறந்தால் அம்மனின் பேர் வைப்பதாக நேர்ந்துகொண்டோம். சாமித்தம்பி அண்ணனின் பெண்சாதி பொன்னம்மையும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம்.

பேரைக் கேட்டேன். சத்தமாகச் சொன்னாள். மணலில் விரலை வைத்தேன். அது அங்கேயே நின்றது. "உனக்கு நாளைக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனேன்.

சுகத்துக்குப் பதில் போடவும்.

அன்னப்பூரணி


களுதாவளை,
9.3.1937

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

போன கடிதம் கிடைத்திருக்கும். தபால்காரர் கிடைத்திருக்கும் என்கிறார். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நாங்களே வைத்துக்கொள்கிறோம்.

வகுப்பில் ஏறக்குறைய எல்லோரும் பேர் எழுதுகிறார்கள். சிலர் பக்கத்துப் பிள்ளையின் பேரும் எழுதுகிறார்கள். கள்ளனுக்கு இப்போது தன் சொந்தப் பேரும் எழுத வரும், ஆனால் கள்ளன்தான் அழகாக வருகிறது.

கண்ணகை சும்மா இருக்கிறாள். வம்பு செய்யாத பிள்ளை. மற்றவர்கள் மணலில் எழுதும்போது சுற்றி நடந்து பார்ப்பாள். ஒவ்வொரு நாளும் என் பக்கத்தில் வந்து, "எனக்கு இண்டைக்கா வாத்தியாரம்மா?" என்று கேட்பாள். நாளைக்கு என்பேன். போய் இருந்துவிடுவாள். அழுதாலாவது ஏதாவது செய்திருப்பேன். நான் மனது இல்லாமல் செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். மனது வருகிறது, விரல் வரவில்லை. மரத்துப்போன கால் போல இருக்கிறது. அது என்னுடையதுதான், ஆனால் ஊன்றினால் நிற்காது.

நான் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுங்கள். இது உங்கள் வகுப்பு, உங்கள் முறை.

சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்புக்கு வஸ் ஓடுகிறது, அங்கிருந்து இங்கும் ஓடுகிறது என்று அப்பா நேற்றுச் சாப்பிடும்போது சும்மா சொன்னார். நானும் சும்மா எழுதுகிறேன்.

அன்னப்பூரணி


சித்தாண்டி,
28.3.1937

அன்புள்ள அன்னத்துக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் பிந்திவிட்டது. இங்கே வேளாண்மை வெட்டுக் காலம். பிள்ளைகள் வட்டை வயல்களுக்குப் போய்விடுவதால் வீடு வீடாகப் போய்க் கூட்டி வரவேண்டியிருந்தது. எனக்குச் சளிக்காய்ச்சலும் இருந்தது, இப்போது இல்லை. மாமாவின் சுகம் எழுது.

பேர் எழுதுகிற பிள்ளைகளுக்கு இனிச் சிலேட்டுக் கொடுக்கலாம். கல்லுப் பென்சிலை இறுக்கிப் பிடிக்காமல் இருக்கப் பழக்கு. மணலில் முழுக் கையும் ஓடிப் பழகிய பிள்ளை சிலேட்டில் விரலை மட்டும் அசைக்கத் தடுமாறும். அதைப் பிழை என்று சொல்லாதே. கரும்பலகையில் நீ எழுதும்போது பிள்ளைகளுக்கு மறைத்து நிற்காமல் ஒதுங்கி நின்று எழுது. எழுத்தைப் போலவே, எழுதுகிற கையும் அவர்களுக்குத் தெரியவேண்டும்.

மழை விட்டபின் பள்ளிக்கூடக் கூரையைப் பார்க்கச் சொல்.

நீ எழுதிய அந்தப் பிள்ளையைப் பற்றி. வீட்டில் செல்லமாக அழைக்கிற பேர் ஏதாவது இருக்கும். பொதுவாக எல்லாப் பிள்ளைக்கும் இருக்கும். அதைக் கேட்டு எழுதிக் கொடு. முறைக்கு அது மாறானதல்ல.

சித்திரை வருசத்துக்கு வரப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
க. நல்லரத்தினம்


களுதாவளை,
22.4.1937

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

வருசம் வந்து போயிற்று. நீங்கள் வரப் பார்த்தீர்கள் என்று அப்பாவிடம் சொன்னேன். கைவிசேசம் வாங்க வந்த பிள்ளைகளுக்கு அவரே காசு கொடுத்தார். நான் பலகாரம் சுட்டேன். சுடாவிட்டால் அயலவர்கள் கொண்டுவந்து தருவார்கள், அதை வாங்கிக்கொண்டு அவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதைவிடச் சுடுவது லேசு. நீங்கள் சுகமா? இருமல் விட்டதா?

செல்லப் பேர் கேட்டேன். "அம்மா உன்ன வீட்டில எப்பிடிக் கூப்பிடுவா?" என்றேன். "கண்ணகை" என்றாள். "அப்பா?" "கண்ணகை." அம்மனின் பேரைச் சுருக்கிக் கூப்பிடக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். நாமும் அப்படித்தானே வைத்திருந்தோம்.

அன்று மிச்சப் பிள்ளைகள் எல்லோரிடமும் சிலேட்டு இருந்தது. அவள் கையில் மட்டும் இல்லை. நான் குனிந்து மணலில் தங்கம் என்று எழுதினேன். எங்கிருந்து வந்தது என்று தெரியாது, கையில் வந்தது. "இதுதான் உன்ட பேர்" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு விரலை வைத்தாள். நல்ல விரல், ஒரே மூச்சில் ஓடியது. அடுத்த நாளே சிலேட்டில் எழுதிவிட்டாள். இத்தனை நாள் பார்த்துக்கொண்டே இருந்ததால்தான் இவ்வளவு சுறுக்காக வந்தது போல.

இப்போது வகுப்பில் சும்மா இருக்கிற பிள்ளை யாரும் இல்லை. பெரிய வாத்தியாருக்குத் திருப்தி. எனக்கும் ஒரு வேலை முடிந்த மாதிரி இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

வெயில் கடுமை. வெளியில் போகும்போது குடை பிடியுங்கள்.

அன்னப்பூரணி


சித்தாண்டி,
3.5.1937

அன்புள்ள அன்னத்துக்கு,

கடிதம் கண்டேன். சுகம். இருமல் இல்லை.

நீ செய்தது சரி. எழுதப் பழகுவதுதான் முக்கியம். எந்தச் சொல்லில் பழகினால் என்ன. பிறகு மற்றச் சொற்கள் வரும்.

வருசத்துக்கு இங்கே கோயில் வேலையில் அகப்பட்டுக்கொண்டேன். ஆவணியில் ஆண்டுத் திவசத்துக்குக் கட்டாயம் வருவேன் என்று மாமாவிடம் சொல்.

க. நல்லரத்தினம்


களுதாவளை,
1.6.1937

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அப்பா சுகம். நீங்களும் சுகம் என்று நினைத்து எழுதுகிறேன். என் சுகத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

அம்மன் கோயில் குளிர்த்திக்குக் கதவு திறந்த கிழமை, காத்தான்குடிப் புடைவைக்காரர் முகைதீன்பாவா மூட்டையோடு சாமித்தம்பி அண்ணனின் வளவுக்குப் போயிருக்கிறார். பிள்ளை முற்றத்து மணலில் எழுதிக்கொண்டிருந்ததாம். அங்கே தாய்க்கும் வாசிக்கத் தெரியாது, தகப்பனுக்கும் தெரியாது. மகள் தன் பேரை எழுதுகிறாள் என்று இத்தனை நாளும் அவர்கள் அதன்மேல் கால் வைக்காமல் சுற்றி நடந்திருக்கிறார்கள். பொன்னம்மை பெருமையாக, "எங்கட மகள் பேர் எழுதியிருக்கா, வாசிச்சுப் பாருங்க பாவா" என்றிருக்கிறாள். அவர் குனிந்து பார்த்து, "தங்கம் எண்டுதானே புள்ள எழுதிருக்கி. இது ஆருட பேரு?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதரின் மேல் ஒரு பிழையும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். உடம்பில் கொப்புளம்.

சாமித்தம்பி அண்ணன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. வகுப்பு வாசலில் நின்று, தோளில் இருந்த சால்வையைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். "வாத்தியாரம்மா, நாங்க உங்களுக்கு என்ன குறை வைச்ச நாங்க? அம்மாளுக்கு நேந்து வைச்ச பேர். ஆரக் கேட்டு நீங்க மாத்தின? பிள்ள கிடக்குது. கண்ணகை எண்டு கூப்பிட்டா, என்ட பேர் தங்கம் எண்டு வாத்தியாரம்மா சொன்னவ எண்டு சொல்லுது. இனி நாங்க பிள்ளைய அனுப்பல்ல."

அவர் போன பிறகு பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பேர் மாறியதால் காய்ச்சல் வந்தது என்று நான் நம்பவில்லை. கொப்புளிப்பான் அயலில் பல வீட்டிலும் இருக்கிறது. ஆனால் கண்ணகை என்று ஒரு பிள்ளை காய்ச்சலில் கிடக்கிறது என்று கேட்டதிலிருந்து ஒவ்வொரு பொழுதும் யாரையாவது பிடித்து விசாரிக்கிறேன். நேற்று எழுந்து இருந்து கஞ்சி குடித்தாளாம். இனிப் பயமில்லை என்கிறார்கள்.

நீங்கள் எந்தச் சொல்லில் பழகினால் என்ன என்று எழுதினீர்கள். அது உங்கள் வாக்கு அல்ல. உங்கள் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். அதில் எழுதியிருக்கிற ஆள் இப்படிச் சொல்லமாட்டார்.

மச்சான், நம் பிள்ளை எத்தனை தடவை கேட்டது. நாம் விஜயதசமிக்கு என்றோம். விஜயதசமி வந்தது, பிள்ளை இல்லை. இந்தப் பிள்ளையும் கேட்டது. நாம் இல்லாத ஒருத்தியின் பேரைக் கொடுத்து அனுப்பினோம். அது அரிவரியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுப் போய்விட்டால், பிறகு யாரும் கூட்டி வரமாட்டார்கள். பெண் பிள்ளை. தோட்டத்தில் தண்ணீர் ஊற்றும், கலியாணம் கட்டும், கைநாட்டு வைக்கும்.

என் சுகத்தைச் சொல்கிறேன் என்றேன். எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை மாதத்தில் எனக்கு வந்த முதல் சாமான் இது.

அன்னப்பூரணி


சித்தாண்டி,
4.6.1937

அன்னம்,

உன் கடிதம் இன்று மத்தியானம் கிடைத்தது. இன்றே எழுதுகிறேன்.

இங்கே என் வகுப்புச் சுவரில் அரிச்சுவடி அட்டை தொங்குகிறது. நான் பிரம்பால் ஒவ்வொன்றாகத் தொட, பிள்ளைகள் கத்துகிறார்கள். வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஒரு பிள்ளையிடமும் பேர் கேட்டதில்லை. முன் வரிசையில் இருப்பவனை முன்னுக்கு இருக்கிறவனே என்றும், சன்னல் பக்கத்தில் இருப்பவளைச் சன்னல் பிள்ளை என்றும் கூப்பிடுகிறேன். கேட்டால் எழுத வேண்டும். எழுதினால் என்றைக்காவது ஒருத்தி அந்தப் பேரைச் சொல்லுவாள். இந்தச் சித்தாண்டியிலும் இல்லாத பேரா அது?

உனக்கு நான் எழுதிய முறையெல்லாம் உண்மை. அதைச் செய்யத்தான் எனக்கு ஏலவில்லை. நீ செய்தாய். கடைசிப் பேரில் நீயும் நின்றுவிட்டாய், நான் முதல் பேரிலேயே நிற்கிறேன். செல்லப் பேரைக் கேள் என்று உன்னைத் தள்ளிவிட்டதும் நான்தான். அந்தக் குற்றத்தை நீ தனியே சுமக்க வேண்டாம்.

பிள்ளைக்குத் தலைக்கு வார்த்த பிறகு அவர்கள் வீட்டுக்குப் போ. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்காதே. போய் எழுதிக் கொடுத்துவிட்டு வா. நான் வந்து எழுதியிருக்க வேண்டும். வரச் சொல்லாதே, அன்னம். எனக்கு நம் வீட்டு வளவுக்குள் வர இன்னும் கால் வரவில்லை.

பிள்ளையின் உடம்பைப் பற்றி உடனே எழுது.

நல்லரத்தினம்


களுதாவளை,
21.6.1937

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

பிள்ளைக்கு நல்ல சுகம். தலைக்கு வார்த்தாயிற்று, தழும்பும் பெரிதாக இல்லை. முதலில் இதைத்தான் வாசிக்க நினைப்பீர்கள் என்று முதலிலேயே எழுதினேன். அப்பாவும் நானும் சுகம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் போனேன். சாமித்தம்பி அண்ணன் வெற்றிலைத் தோட்டத்துக்குள் நின்றார். கண்டும் வரவில்லை. பொன்னம்மை பாய் போட்டாள். "இரிங்க மச்சாள்" என்றாள். பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மாவை அல்ல, குளிர்த்தியில் பக்கத்தில் நின்றவளைக் கூப்பிட்டாள் என்று விளங்கியது. "நான் அவரிட்டச் சொன்ன நான், அவவுக்கு எழுத ஏலாமப் போயிருக்கும் எண்டு" என்றாள். நான் பாயில் இருக்கவில்லை. முற்றத்தில் மணலில் இருந்தேன்.

பிள்ளை ஓடி வந்து, "தங்கம் எழுதிக் காட்டட்டா?" என்று கேட்டது.

"வேணாம். அது உன்ட பேரில்ல. நான் பிழையா எழுதித் தந்திட்டன். இண்டைக்குச் சரியாத் தாறன்."

நீங்கள் எழுதியபடி ஒதுங்கி இருந்து, என் கை அவளுக்குத் தெரிகிற மாதிரி எழுதினேன். முதல் எழுத்தான கனாவை எழுதினேன். அடுத்த எழுத்துக்குச் சுழியைப் போடத் தொடங்கியபோது கண்ணில் ஒன்றும் தெரியவில்லை, மச்சான். தெரியாமலே எழுதினேன். கடைசி எழுத்து வரை எழுதி முடித்தேன். அண்ணன் எப்போது வந்தாரோ தெரியாது, பின்னால் நின்று, "இதுதானா?" என்று கேட்டார். இதுதான் என்றேன். அவர் தோளில் இருந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பத் தோட்டத்துக்குள் போனார்.

பிள்ளை விரலை வைத்து ஓடவிட்டாள். பிறகு பக்கத்தில் தானாக எழுதினாள். எழுதிக்கொண்டே, "உங்கட வீட்டிலயும் ஒரு கண்ணகை இருந்தாவாமே, அம்மா சொன்னவ" என்றாள்.

"ஓம். என்ட மகள்."

"அவவுக்கு இத எழுதத் தெரியுமா?"

பொன்னம்மை உள்ளிருந்து, "வாயப் பொத்துகா" என்றாள். "விடுங்க, கேக்கட்டும்" என்றேன். தெரியாது என்று பிள்ளையிடம் சொன்னேன்.

"நீங்க வாத்தியாரம்மா, அவட அப்பாவும் வாத்தியார். ஏன் அவக்குப் படிப்பிக்கல்ல?"

"கேட்டவதான். நாங்க பிறகு எண்டு சொன்ன நாங்க."

பிள்ளை தலையை ஆட்டியது. "எனக்கும் நாளைக்கு நாளைக்கு எண்டுதான் சொன்ன நீங்க" என்று சொல்லிவிட்டு, தான் எழுதியதில் ஒரு சுழி குறைந்திருந்ததைப் பார்த்து அழித்து, மறுபடி எழுதத் தொடங்கிவிட்டது. கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னது.

நான் அங்கேயே இருந்து அழுதேன். பிள்ளை போன அன்று அழவில்லை, காரியங்களில் அழவில்லை, நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்றும் அழவில்லை. பொன்னம்மை வந்து என் முதுகில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். பொழுது படும்வரை இருந்துவிட்டு வந்தேன்.

இன்று காலை கண்ணகை வகுப்புக்கு வந்தாள். யாரும் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்னம்


சித்தாண்டி,
24.6.1937

அன்புள்ள அன்னத்துக்கு,

உன் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. இன்று காலை வகுப்பில் அந்த அட்டையைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். சன்னல் பக்கத்துப் பிள்ளையிடம் பேர் கேட்டேன். சொல்ல வெட்கப்பட்டாள். காத்திருந்தேன். பிறகு சொன்னாள், எழுதினேன். மணி அடிக்கும் வரை ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினேன்.

பெரிய வாத்தியாரிடம் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். நாளைக் காலை வஸ்ஸில் ஏறுகிறேன். இந்தக் கடிதம் எனக்குப் பிறகுதான் அங்கே வந்து சேரும். ஆனாலும் தபாலில் போடுகிறேன்.

பத்து மாதமாகப் பிள்ளை, பிள்ளை என்றே நான் நினைத்துக்கொண்டு இருந்தேன், அவளுக்குப் பேர் இல்லாதது மாதிரி. வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு, இந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிப் பார்க்கிறேன். கண்ணகை. கண்ணகை. எங்கட மகள் கண்ணகை. எழுத வருகிறது, அன்னம்.

தபால்காரர் இதைக் கொண்டுவந்து தரும்போது நான் வீட்டில் இருப்பேன். என் கையில் தராதே. மாமாவையும் கூப்பிட்டு இருத்தி, என் பக்கத்தில் இருந்து நீ சத்தமாக வாசி. எனக்கு எழுதத்தான் வந்திருக்கிறது. வாயால் சொல்ல இன்னும் வரவில்லை.

நல்லரத்தினம்